குச்சி விழுந்தும் நிற்காத தாளம்

டிசம்பரில் நத்தாருக்கும், அதாவது கிறிஸ்மஸுக்கும், புதுவருடத்துக்கும் இடையில் வரும் வாரத்தில் அவுஸ்திரேலியாவில் தொழிற்சாலைகள் எல்லாம் பூட்டிக் கிடக்கும். ஊரே கடற்கரைக்குப் போய்விடும். என்னைப் போல அன்றன்றைக்குக் கிடைக்கும் வேலைக்குப் போகிறவனுக்கு அது சம்பளமில்லாத வெறும் வாரம். சில வருடங்களுக்கு முன்பு அப்படியொரு வாரத்தில், சிட்னியில் தொடங்கி மெல்பேர்னில் முடிந்த சம்பவம் இது.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். மன்னாரில் கடல் வேலை, சென்னையில் ஹோட்டலில் கோப்பை கழுவல், மலேசியாவில் ஒரு மரத்தொழிற்சாலை என்று திரிந்து, கடைசியில் படகேறி இந்த நாட்டுக்கு வந்தேன். வந்ததும் அகதிகளை அடைத்து வைக்கும் தீவு முகாமில் வைத்திருந்தார்கள். வெளியே விட்ட பிறகு ஷெப்பர்ட்டனில் பழம் பிடுங்கினேன், டண்டினோங்கில் கோழி வெட்டினேன். ஓரிடத்தில் நிலையாக நிற்பது எனக்கு வராது. சம்பவம் நடந்த காலத்தில் மெல்பேர்னின் நோபல் பார்க் பகுதியில் ஒரு வீட்டின் கராஜில் இருந்தேன். கையில் இருந்தது தற்காலிக விசா. அது எப்படியென்றால், ஏதாவது ஒரு பொலிஸ் வழக்கில் பெயர் அடிபட்டாலே போதும், பறித்துவிடுவார்கள். எங்களோடு முகாமில் இருந்த ஒருவர், தான் கையே வைக்காத ஒரு சண்டைக்குப் பக்கத்தில் நின்றதற்காக மறுபடியும் உள்ளே போனவர். அதனால் எனக்கு எதிலும் சந்தேகம். யாராவது சிரித்துக் கதைத்தால் அதிலும் சந்தேகம்.

இந்த வேலைக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனவர் ஒரு தமிழ்நாட்டு நண்பர். கிரெய்கிபர்னில் வீடு. மனைவி மருத்துவமனையில் தாதி. இவருக்குக் கணினி வேலை போய்விட்டது. வீட்டில் சும்மா இருக்க வெட்கப்பட்டுக் கிடைத்த வேலைக்கெல்லாம் வந்துகொண்டிருந்தார். அவருக்கு ரொக் இசை என்றால் உயிர். எனக்கு அது சத்தம். கச்சேரிக்கு வரும் லொறிகளிலிருந்து சில்லு வைத்த பெரிய கறுப்புப் பெட்டிகளை இறக்கி மேடைக்குத் தள்ளுவதும், முடிந்ததும் மறுபடி ஏற்றுவதும்தான் வேலை. சிட்னியில் இரண்டு கச்சேரி, மெல்பேர்னில் ஒன்று. மெல்பேர்னில் நடப்பதோடு, கச்சேரி செய்யும் அந்த பாண்ட், அதாவது இசைக்குழு, கலைந்துவிடும் என்று விளம்பரம் செய்திருந்தார்கள். நாலு பேர் கொண்ட பாண்ட். எல்லோரும் எழுபதை எட்டிக்கொண்டிருந்தார்கள். பெயர் வேண்டாம், சொன்னால் உடனே தேடிப் பார்ப்பீர்கள்.

சிட்னிக்குப் போகும் பஸ்ஸில் நண்பருக்கு வாய் மூடவில்லை.

"டிசம்பர் கடைசி வாரம்னாலே ராக் இசைக்கு ஒரு ராசிண்ணே. ஒண்ணு, பெரிய பாண்டு எதாவது உடையும். இல்லன்னா பெரிய ஆள் யாராவது போய்ச் சேருவார். இல்லன்னா யாரோ கடைசித் தடவையா மேடை ஏறுவாங்க. சரித்திரத்தை எடுத்துப் பாருங்க."

"தம்பி, எந்த வாரத்தை எடுத்தாலும் இந்த மூண்டும் நடந்திருக்கும்" என்றேன்.

"சரி, இது கடைசிக் கச்சேரிங்கறதையாவது நம்புறீங்களா?"

நான் நம்பவில்லை. டண்டினோங்கில் ஒரு கம்பளக் கடை, நான் அந்தப் பக்கம் வந்த நாளிலிருந்து 'கடையை மூடுகிறோம், கடைசி விற்பனை' என்று பலகை வைத்திருக்கிறது. அதைச் சொன்னேன்.

"உங்களுக்கு டீல போட்ட சர்க்கரை மேலயும் சந்தேகம்தான்ணே" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

எங்களை மேய்த்தவர் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி. நரைத்த தலைமயிரை ஒட்ட வெட்டியிருப்பார். இடுப்பில் வோக்கி டோக்கி. அந்த பாண்டோடு இளமையிலிருந்து ஊர் ஊராகப் போகிறவர் என்றார்கள். முதல் நாளே எல்லோரையும் நிறுத்தி, மேடைக்குப் பின்னால் பார்ப்பதையும் கேட்பதையும் வெளியே கொண்டுபோகக் கூடாது, படம் எடுக்கக் கூடாது என்றார். பயமுறுத்துகிற குரல் இல்லை. ஆனால் நான் அந்த மாதிரிக் குரலை முகாமில் கேட்டிருக்கிறேன்.

பெட்டிகளை இறக்கும்போதே எனக்கு ஒன்று இடித்தது. ட்ரம் என்று எழுதிய பெட்டிகள் ஒரு ஆளுக்குத் தேவையானதைவிட அதிகமாக வந்தன. ஒரு தொகுதி மேடைக்குப் போனது. மற்றதை ட்ரம்காரரின் உதவியாளர் தானே தள்ளிக்கொண்டு போனார். கை முழுக்கப் பச்சை குத்திய மெலிந்த மனிதர், யாரோடும் கதைக்க மாட்டார். மேடையின் பின்பக்கம் ஒரு கறுப்புத் துணிக் கூடாரம் அடித்திருந்தார்கள். பெட்டிகள் அதற்குள் போயின. நான் பழக்க தோஷத்தில் ஒன்றைத் தள்ளிக்கொண்டு பின்னால் போக, அவர் கையை நீட்டித் தடுத்தார்.

"அது மேலதிகமாக வைத்திருப்பது. உனக்கு அங்கே வேலையில்லை" என்று அந்தப் பெண்மணி தூரத்திலிருந்து கத்தினார்.

மேலதிகமாக வைத்திருப்பதை ஏன் மூடி மறைக்க வேண்டும்? ஏன் அதை ஒரே ஒருவர் மட்டும் தொட வேண்டும்? பெட்டிக்குள் ஏதோ போதைச் சாமான் போகிறது என்றுதான் நினைத்தேன். பாட்டுக்காரர்களைப் பற்றி நாம் கேள்விப்படுவது அப்படித்தானே. ஏதாவது பிடிபட்டால், 'யார் தள்ளியது' என்று கேட்பார்கள். தள்ளியவனின் விசாவைப் பார்ப்பார்கள். அன்றைக்கே திரும்பிப் போய்விடலாமா என்று யோசித்தேன். பஸ் அவர்களுடையது. போக வழியில்லை.

கச்சேரி பிற்பகலில் தொடங்கியது. திறந்த வெளி. என்னை மேடையின் இடதுபக்கப் படிக்குக் கீழே நிறுத்தி, வயர் எதிலாவது யாரும் தடக்கி விழாமல் பார்த்துக்கொள் என்றார்கள். தலைக்கு மேலேதான் ட்ரம்காரர். வெள்ளைத் தாடி, கறுப்பு பனியன். அவர் அடிக்கும் போது மேடைப் பலகை அதிர்வது என் முதுகில் தெரிந்தது.

இரண்டாவது பாட்டு நடுவில் அவருடைய வலது கையிலிருந்து குச்சி நழுவியது. பலகையில் உருண்டு விளிம்பால் விழுந்து என் காலடிக்கு வந்தது. வழக்கமாக அந்த மாதிரி ஆட்கள் பக்கத்தில் ஒரு கட்டுக் குச்சி வைத்திருப்பார்கள். அவரும் வைத்திருந்தார். ஆனால் அவர் கை அந்தக் கட்டைத் தேடியது, விரல்கள் அதைப் பிடிக்கவில்லை. இடது கைக் குச்சியும் மடியில் கிடந்தது. கொஞ்ச நேரம் அந்த மனிதர் ஒன்றையுமே அடிக்காமல் இருந்தார். நான் படியில் ஏறி விழுந்த குச்சியை நீட்டினேன். என் கண்ணைப் பார்த்து வாங்கினார். கை நடுங்கியது.

அந்த நேரமெல்லாம் பெரிய ஸ்பீக்கர்களில் ட்ரம் ஓடிக்கொண்டேயிருந்தது. ஒரு அடி கூட நிற்கவில்லை.

என் முதுகில் தெரிந்த அதிர்வு நின்றது. காதில் கேட்டது நிற்கவில்லை. அதை நான் மட்டும்தான் கவனித்தேன் என்று நினைக்கிறேன். முன்னால் நின்ற சனம் கையை உயர்த்தி ஆடிக்கொண்டிருந்தது.

கச்சேரி முடிந்து நண்பரிடம் பொதுவாகக் கேட்டேன். அடிக்காமலே ட்ரம் சத்தம் வருமா?

"சில பாண்டு ரெக்கார்டு போட்டு ஏமாத்தும்ணே. ஆனா இவங்க செய்ய மாட்டாங்க. இவங்க சுத்தம்." சத்தியம் செய்வது போலச் சொன்னார். அவர் முகத்தைப் பார்த்த பிறகு மேலே கேட்க மனம் வரவில்லை.

இரண்டாவது நாள் கச்சேரி நடந்தபோது துறைமுகப் பக்கமிருந்து காற்று பலமாக வீசியது. கறுப்புக் கூடாரத்தின் துணி ஒரு பக்கம் தூக்கியது. நான் குனிந்து வயரைச் சரிசெய்கிற மாதிரி உள்ளே பார்த்தேன். அந்தப் பச்சை குத்திய உதவியாளர் காதில் கருவி மாட்டிக்கொண்டு, ரப்பர் தட்டுகள் பொருத்திய மின்சார ட்ரம்மின் முன்னால் உட்கார்ந்து அடித்துக்கொண்டிருந்தார். எதிரே ஒரு சின்னத் திரை. அதில் மேடையில் இருக்கும் ட்ரம்காரரின் கைகள். அந்தக் கைகளைப் பார்த்துப் பார்த்து அடித்தார். சனம் கேட்டது இவருடைய ட்ரம்.

சாமான் கடத்தல் இல்லை என்று தெரிந்ததும் நெஞ்சுக்குள் இருந்த பாரம் குறைந்தது. அதே நேரம், எல்லாம் ஏமாற்று என்ற என் எண்ணம் சரி என்று ஒரு திருப்தியும் வந்தது. எல்லோரும் கூட்டுச் சேர்ந்து காசு கொடுத்து வந்த சனத்தை ஏமாற்றுகிறார்கள், ட்ரம்காரரும் கூட்டு என்றுதான் நினைத்தேன். எனக்கென்ன என்று பெட்டிகளை ஏற்றிவிட்டு மெல்பேர்ன் பஸ்ஸில் தூங்கிப் போனேன்.

மெல்பேர்னில் கச்சேரி ஒரு பழைய குதிரைப் பந்தயத் திடலில். அன்றைக்குச் சரியான வெயில். வடக்கிலிருந்து அடுப்பைத் திறந்துவிட்ட மாதிரிக் காற்று. மாலையில் தெற்குக் காற்று வந்து குளிராக்கும் என்று சொல்லியிருந்தார்கள். மத்தியான இடைவேளையில் லொறியின் நிழலில் ஒரு பெட்டி மேல் இருந்து சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தேன். யாரோ பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள். பார்த்தால் ட்ரம்காரர். காகிதக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். அப்படியும் தேநீர் தளும்பியது.

"நீதானே சிட்னியில் குச்சியை எடுத்துத் தந்தாய், மேட்?"

இந்த ஊரில் யாரையும் மேட், அதாவது நண்பா, என்றுதான் கூப்பிடுவார்கள். ஓம் என்று தலையாட்டினேன்.

"அது என் கையை விட்டுப் போனதிலிருந்து நீ தரும் வரைக்கும், உனக்கு ட்ரம் கேட்டதா?"

சாப்பாட்டை மூடி வைத்தேன். இந்தக் கேள்வியை ஏன் என்னிடம் கேட்கிறார்? வாயைத் திறக்கிறேனா என்று பார்க்க அந்தப் பெண்மணி அனுப்பியிருப்பார். வேறு என்ன? முகாமில் விசாரணைக்கு வருகிறவர்கள் ஒரே கேள்வியை மூன்று விதமாகக் கேட்பார்கள். தெரிந்ததைத்தான் கேட்பார்கள், தெரியாத மாதிரி.

"நான் பெட்டி தள்ளுகிறவன். எனக்கு இசை விளங்காது" என்றேன்.

அவர் சிரித்தார். "நல்ல பதில். வக்கீல் சொல்லித் தந்ததா?"

எனக்கு முகம் சுட்டது. உண்மையில் அந்த மாதிரிப் பதிலை எனக்குச் சொல்லித் தந்தது ஒரு வக்கீல்தான்.

அவர் தொலைபேசியை எடுத்தார். அதைத் திறக்கவே பல தரம் தடவ வேண்டியிருந்தது. சிட்னியில் யாரோ கூட்டத்துக்குள் நின்று எடுத்த வீடியோ. இரண்டாவது பாட்டு. ட்ரம் சத்தம் கொஞ்சமும் குறையாமல் போய்க்கொண்டிருந்தது.

"இந்த இடத்தில் என் கையில் குச்சி இல்லை" என்றார். "எனக்குத் தெரியும், உனக்குத் தெரியும். மேடையில் எங்கள் காதுக்குள் வருவது வேறு, வெளியே போவது வேறு. அதனால் எனக்கு அங்கே ஒன்றும் வித்தியாசமாகக் கேட்காது. இதைப் பார்த்த பிறகு பாண்டில் எல்லோரிடமும் கேட்டேன். சவுண்ட் பார்க்கிறவனிடம் கேட்டேன். வீடியோ எடுத்தவன் பிறகு ஏதோ சேர்த்திருக்கிறான் என்கிறார்கள். அவர்கள் எல்லோரும் என்னை நேசிக்கிறார்கள். ஆகவே ஒருவனும் உண்மை சொல்ல மாட்டான். உனக்கு என் மேல் ஒரு அன்பும் இல்லை. அதுதான் உன்னிடம் வந்தேன்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது, இந்த மனிதருக்குக் கூடாரத்தைப் பற்றி ஒன்றுமே தெரியாது என்று. ஏமாற்றப்பட்டது சனம் மட்டுமில்லை.

ஆனாலும் சந்தேகம் விடவில்லை. நடிக்கவும் கூடும் அல்லவா? மேடை ஏறுகிறவர்களுக்கு அது பெரிய காரியமில்லை. அவர் மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல் தேநீரைப் பார்த்துக்கொண்டு இருந்தார். அதுதான் என்னை அசைத்தது. விசாரிக்கிறவர்கள் சும்மா இருக்க மாட்டார்கள்.

முகாமில் எங்களுக்கு ஒரு அதிகாரி இருந்தார். நல்ல மனிதர். வாரா வாரம் வந்து, உன் கோப்பு நகர்கிறது, இன்னும் கொஞ்ச நாள்தான் என்பார். பிறகுதான் தெரிந்தது, என் முதல் விண்ணப்பம் எப்போதோ மறுக்கப்பட்டிருந்தது. சொன்னால் நான் ஏதாவது செய்துகொள்வேன் என்று பயந்து மறைத்திருக்கிறார். அவர் கெட்டவராக இருந்திருந்தால் கோபப்பட்டு முடித்திருப்பேன். நல்லவர் என்பதால் அந்தக் கோபம் எங்கே போவதென்று தெரியாமல் எனக்குள்ளேயே இருந்தது. ஒரு மனிதனைப் பற்றிய விஷயம் அவனைத் தவிர எல்லோருக்கும் தெரிந்திருப்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

"கேட்டது" என்றேன். "ஒரு அடி கூட நிற்கவில்லை. பின்னால் இருக்கிற கறுப்புக் கூடாரத்துக்குள் உங்கள் உதவியாளர் இருந்து அடிக்கிறார்."

அவர் கோப்பையை மெதுவாகக் கீழே வைத்தார். நான் எதிர்பார்த்த கத்தல் வரவில்லை.

"நன்றாக அடிக்கிறானா?"

"எனக்கு அது தெரியாது. ஆனால் உங்கள் கையைத் திரையில் பார்த்துக்கொண்டுதான் அடிக்கிறார்."

அவர் தன் வலது கையை முழங்காலில் விரித்து வைத்தார். பிறகு, தன் கை தன் பேச்சைக் கேட்பதில்லை, மருந்தும் வரவர வேலை செய்வதில்லை, ஆனாலும் அது தன் கைதான் என்றார். மற்றப் பாட்டுகளை அவன் அடிக்கட்டும், கடைசிப் பாட்டு மட்டும் தனக்கு வேண்டும் என்றார். அது பாண்ட் தொடங்கிய காலத்தில் வந்த முதல் பாட்டாம். ட்ரம் தனியாகத்தான் அதைத் தொடங்கும். அதற்கு முந்தின பாட்டு முடியும்போது நான் கூடாரத்துக்குள் போய் உதவியாளரிடம் சொல்ல வேண்டும்.

"நீங்களே இப்போது போய்ச் சொல்லலாமே?" என்றேன்.

"சொன்னால் கட்டிப்பிடிப்பார்கள். எல்லாம் உன் நன்மைக்கு என்பார்கள். கட்டிப்பிடித்தால் நான் தோற்றுப்போவேன், மேட்."

அவர் எழுந்து போன பிறகு சாப்பாடு இறங்கவில்லை. இதில் என் தலை உருளும் என்று நன்றாகத் தெரிந்தது. கூடாரத்தில் இருப்பவர் அடிப்பதை நிறுத்தினால் மட்டும் போதாது. மேடையிலிருக்கும் ட்ரம்மின் சத்தத்தை முன்னால் கூட்டத்துக்குள் இருக்கும் சவுண்ட் ஆள் கூட்டிவிட வேண்டும். இல்லையென்றால் அந்த மனிதர் அத்தனை ஆயிரம் பேருக்கு முன்னால் சத்தமே இல்லாமல் கை அசைத்துக்கொண்டிருப்பார். அவருடைய கடைசிப் பாட்டு அப்படித்தான் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். அதற்குக் காரணம் நான் என்று ஆகும்.

வயர்களைச் சுற்றிக்கொண்டு நண்பர் வந்தார்.

"என்னண்ணே மூஞ்சி இப்படி இருக்கு?"

"ஒண்டுமில்லை."

"சாப்பிட்டீங்களா?"

"ஓம், ஓம்."

"பொய். உங்களுக்குச் சந்தேகம் வந்துட்டா பசிக்காது. இன்னைக்கு யார் மேல? நம்ம டிரைவர் மேலயா?" என்று சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "இன்னைக்கு நாம பாக்கப் போறதை நாளைக்குப் புத்தகத்துல எழுதுவாங்கண்ணே. கொஞ்சம் சந்தோஷமா இருங்க" என்றார்.

கச்சேரி தொடங்கியது. பாட்டுக்குப் பாட்டு நான் மேடையைப் பார்க்கவேயில்லை; கூடாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசிக்கு முந்தின பாட்டு முடியும் தறுவாயில், சொன்னபடியே தெற்குக் காற்று வந்தது. வெயில் இன்னும் இருந்தது, ஆனால் உடம்பெல்லாம் குளிர்ந்தது. இடத்தை விட்டு அசைந்தால் கேள்வி வரும் என்று தெரிந்தும் போனேன். துணியைத் தூக்கிக்கொண்டு உள்ளே நுழைந்தேன்.

உதவியாளர் என்னைப் பார்த்ததும் வெளியே போ என்று கை காட்டினார். நான் சொன்னேன்: "அவருக்குத் தெரியும். கடைசிப் பாட்டை அவர்தான் அடிப்பாராம். உங்களை நிறுத்தச் சொன்னார்."

அவர் காதிலிருந்த கருவியைக் கழற்றினார். "உன்னை யார் அனுப்பியது? எந்தப் பத்திரிகைக்காரன்?"

என்னை விடவும் சந்தேகப்படுகிற ஒரு ஆளை அன்றுதான் கண்டேன். குச்சி விழுந்த கதையைச் சொன்னேன். லொறி நிழலில் அவர் சொன்னதைச் சொன்னேன். நம்பவில்லை. அந்தப் பெண்மணியைக் கூப்பிட வோக்கி டோக்கியை எடுத்துவிட்டார். நான் சின்னத் திரையைக் காட்டினேன்.

திரையில் ட்ரம்காரரின் கைகள் அசையாமல் மடியில் இருந்தன. கமரா மேலிருந்து கைகளை மட்டும் காட்டும்படி மாட்டியிருந்தார்கள். அன்று மத்தியானமே அவர் அதைத் தேடிக் கண்டுபிடித்திருக்க வேண்டும். தலையைப் பின்னால் சாய்த்து, முகம் முழுதும் திரைக்குள் வரும்படி, நேரே கமராவைப் பார்த்தார். வெளியே சனம் கடைசிப் பாட்டின் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தது. அவர் தொடங்கவில்லை. பார்த்துக்கொண்டேயிருந்தார்.

உதவியாளர் தன் குச்சிகளைத் தரையில் வைத்தார். வோக்கி டோக்கியில் சவுண்ட் ஆளைக் கூப்பிட்டு, "மேடை ட்ரம்மைக் கூட்டு. முழுக்கக் கூட்டு" என்றார். அந்தப் பக்கத்திலிருந்து முடியாது, உத்தரவு இல்லை என்று குரல் வந்தது. இவர் ஒரு கெட்ட வார்த்தை சொன்னார். "அவன் பாட்டை அவனுக்குக் கொடுடா" என்று கத்தினார். கத்திவிட்டு, இரண்டு கைகளையும் தொடைக்குக் கீழே வைத்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டார். கை தானாக எழுந்துவிடும் என்று பயந்தது போல.

நான் வெளியே ஓடி வந்து பழையபடி படிக்குக் கீழே நின்றேன். ட்ரம்காரர் தொடங்கிவிட்டார். முதல் அடிகள் என் முதுகுக்குத்தான் தெரிந்தன, ஸ்பீக்கரில் ஒன்றுமில்லை. போச்சு என்று நினைத்தேன். கிட்டார்காரர் திரும்பிப் பார்த்தார். அதன் பிறகுதான் தூரத்தில் இடி வருவது போல ட்ரம் சத்தம் மெல்ல மெல்ல எழுந்து திடல் முழுக்கப் பரவியது.

மெதுவாக இருந்தது. எனக்கே தெரிகிற அளவுக்கு மெதுவாக. சிட்னியில் இரண்டு நாளும் இந்தப் பாட்டைக் கேட்டிருந்தேன். அதன் வேகத்துக்கு ஓடித்தான் ஆட வேண்டும். இப்போது ஒரு வயதான மனிதர் சந்தைக்கு நடக்கிற வேகம். பாடகர் வழக்கமான இடத்தில் வாயைத் திறந்து, மூடினார். மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அவர்களுக்கு விளங்கிவிட்டது. அப்படியே விட்டுவிட்டுத் தங்கள் வேகத்தில் போயிருந்தால் பாட்டு அந்த இடத்திலேயே உடைந்திருக்கும். பேஸ் வாசிப்பவர் சனத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ட்ரம்முக்கு முன்னால் வந்து நின்றார். அந்த நடுங்கும் கையையே பார்த்துக்கொண்டு, அது எப்போது இறங்குகிறதோ அப்போது தானும் தந்தியைத் தட்டினார். கிட்டாரும் இறங்கி வந்தது. பிறகு பாடகர் அந்த வேகத்தில், சொல் சொல்லாகப் பாடத் தொடங்கினார். எனக்கு அந்தப் பாட்டின் சொற்கள் அன்றுதான் விளங்கின.

நடுவில் அவர் ஒரு அடியை விட்டார். பிறகு இன்னொன்றை. அந்த இடங்களில் சனம் கை தட்டியது. அது விட்ட அடி என்று அவர்களுக்குத் தெரியாது. தட்டுவதற்கென்றே விட்ட இடம் என்று நினைத்திருப்பார்கள்.

முடிந்ததும் எழுந்த சத்தத்தை நான் அதற்கு முன்பும் பின்பும் கேட்டதில்லை. நாலு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார்கள். ட்ரம்காரர் படியால் இறங்கி என் பக்கமாகத்தான் வந்தார். நான் கொஞ்சம் நிமிர்ந்து நின்றேன். அவர் என்னைப் பார்க்காமலே தாண்டிப் போய்க் கூடாரத்துக்குள் நுழைந்தார். உள்ளே இரண்டு பேரும் என்ன பேசினார்கள் என்று தெரியாது. சிரிப்புச் சத்தம் கேட்டது. என்னைப் பற்றித்தான் ஏதோ சொல்லிச் சிரிக்கிறார்கள் என்று அப்போதும் தோன்றியது.

அந்தப் பெண்மணி வந்தார். கண் சிவந்திருந்தது, கோபமா வேறு ஏதாவதா என்று சொல்ல முடியாது.

"நீதானா?"

"ஓம், நான்தான்" என்றேன்.

"பாட்டு கவிழ்ந்திருந்தால் என்ன செய்திருப்பாய்?"

  பெட்டிகளை ஏற்ற நீ நிற்க வேண்டாம், வீட்டுக்குப் போகலாம் என்றார். அதன் பிறகு, எங்களை இந்த வேலைக்கு எடுத்த ஏஜென்சியிலிருந்து எனக்கு அழைப்பு வரவில்லை. அவர் மேல் எனக்குக் குறையில்லை. அவர் செய்ததும் அந்த மனிதரைக் காப்பாற்றத்தான். அடுத்த மாதம் நான் மில்டூராவுக்குத் திராட்சை பிடுங்கப் போய்விட்டேன்.

சில நாள் கழித்து நண்பர் போன் எடுத்தார். வீடியோவை உலகமெல்லாம் பார்க்கிறார்களாம். வேண்டுமென்றே பாட்டின் வேகத்தைக் குறைத்து, விடைபெறும் பாட்டாக மாற்றியது எவ்வளவு பெரிய யோசனை என்று எழுதியிருக்கிறார்களாம்.

"சொன்னேன்ல, டிசம்பர் கடைசி வாரம்! நாம அங்க நின்னோம்ணே. இதையாவது நம்புறீங்களா?"

"நம்புறன், தம்பி" என்றேன். மற்றதைச் சொல்லவில்லை. இதைப் படித்தால் தெரிந்துகொள்ளட்டும். அவர் நேராகக் கேட்டிருந்தால் அன்றே சொல்லியிருப்பேன்.

நான் செய்தது சரியா என்று இப்போதும் அடிக்கடி யோசிக்கிறேன். சந்தேகப்படுகிற குணமும் என்னை விட்டுப் போகவில்லை. இன்றைக்கும் முன்பின் தெரியாதவர் சிரித்தால் கையில் என்ன வைத்திருக்கிறார் என்று பார்க்கிறேன். ஆனால், உள்ளதை உள்ளபடி காட்டினால் கூட இருக்கிறவர்கள் விட்டுவிட்டுப் போய்விடுவார்கள் என்றே நம்பி ஊர் ஊராக ஓடியவனுக்கு, அந்த மூன்று பேரும் ஒரு நடுங்கும் கையைப் பார்த்துப் பார்த்துத் தங்கள் வேகத்தைக் குறைத்துக்கொண்டதைக் கண்ட பிறகு, முன்பு போல வேகமாக ஓட முடியவில்லை.